கைக்குச் சுருட்டு, காதுக்குக் கதை!

சுருட்டு என்றாலே காரமும் நெடியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் கியூபா நாட்டின் உயர்ந்த ரகச் சுருட்டுகளில் மென்மைக்குத் தனி மதிப்பு உண்டு.

அந்த மென்மை எப்படி வருகிறது?

மேலே சுற்றும் இலைக்கான செடிகளுக்கு மெல்லிய துணியால் பந்தல் போடுகிறார்கள். வெயில் நேரே படாததால் இலை மெல்லியதாக வளர்கிறது. பறித்த இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு உலர்த்துகிறார்கள். பிறகு அம்பாரமாக அடுக்குகிறார்கள். அம்பாரம் தானே சூடாகிறது. இலையின் காட்டம் தணிகிறது.

சுருட்டுவது கை வேலை. எந்திர இரைச்சல் இல்லை. கைக்கு வேலை இருக்கிறது. காது சும்மா இருக்கிறது!

1865-ல் ஹவானா நகரத் தொழிலாளர்கள் அதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் கேட்டுக்கொண்டே சுருட்டுவார்கள். படிப்பவருக்குச் சம்பளம்? தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து கொடுத்தார்கள்.

பத்திரிகை படித்தார்கள், நாவலும் படித்தார்கள். எழுத்தறியாதவரும் உலக நடப்பை அறிந்தார். அன்று கியூபாவை ஆண்ட ஸ்பெயின் அரசுக்குப் பயம் வந்துவிட்டது. 1866-ல் படிப்புக்குத் தடை விதித்தது! தடை நிலைக்கவில்லை. படிப்பு மீண்டும் வந்தது, இன்றும் நடக்கிறது.

1935-ல் பிறந்த 'மாண்டிகிறிஸ்டோ' சுருட்டின் பெயரே அலெக்சாண்டர் டூமாவின் நாவலிலிருந்து வந்ததுதான்.

எத்தனை மென்மையான சுருட்டானாலும் உடம்புக்குக் கேடுதான். புற்றுநோய்க்கும் வழி வைக்கும். ஆனால் அதைச் சுருட்டியவர்கள் கூலி கொடுத்துத் தேடிய செவிச்செல்வம் யாருக்கும் கேடு செய்யாது!