ஓஷினைக் கண்டு அழுதவர்கள்

ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. அவளுடைய பெற்றோர் குத்தகை நிலத்தில் பாடுபடுகிறார்கள். விளைந்ததில் பெரும்பங்கு நிலக்காரருக்குப் போய்விடுகிறது. முள்ளங்கியை நறுக்கிக் கலந்து, இருக்கும் சோற்றைப் பெருக்கி உண்கிறார்கள். ஒரு மூட்டை அரிசிக்காக, ஓராண்டு பிள்ளை தூக்கும் வேலைக்கு அச்சிறுமி அனுப்பப்படுகிறாள். அவளை ஏற்றிக்கொண்டு தெப்பம் ஆற்றில் நகர்கிறது. கரையில் நின்று தகப்பனார் கண்ணீர் விடுகிறார்.

இது நம் தோட்டங்களில் நடந்த கதை என்று நினைக்கத் தோன்றுகிறதல்லவா? ஆனால் இது ஜப்பானின் வடபகுதியில், யமகாத்தா என்னும் மாநிலத்தில், 1907-ஆம் ஆண்டில் தொடங்கும் கதை. 'ஓஷின்' என்பது அச்சிறுமியின் பெயர். சுகாகோ ஹாஷிதா என்னும் அம்மையார் எழுதிய இந்தத் தொலைக்காட்சி நாடகத்தை, என்.எச்.கே. நிலையம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை, நாளுக்குப் 15 நிமிடமாக 297 பகுதிகளில் ஒளிபரப்பியது. கணக்கெடுத்த வீடுகளில் சராசரியாக நூற்றுக்கு 52-க்கும் மேற்பட்டவை இதைப் பார்த்தன. ஒரு நாள் அது 62.9 வரை உயர்ந்தது.

ஜப்பானியர் இதில் எதைக் கண்டார்கள்? 1983-இல் அந்நாடு செல்வ நாடு. ஆனால் முள்ளங்கிச் சோறு உண்டு வளர்ந்த முதியவர்கள் அப்போது வீட்டுக்கு வீடு இருந்தார்கள். தாங்கள் பட்ட பாட்டைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அவர்களுக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. 'பொறுமை வென்றது' என்பதே பலர் மனத்தில் நின்ற பாடம். ஆனால் நாடகத்தின் தொடக்கத்தை நாம் மறந்துவிடக் கூடாது. பல கடைகளுக்கு உரிமையாளராகிவிட்ட கிழவி ஓஷின், பதினேழாவது கடையின் திறப்பு விழா நாளன்று யாருக்கும் சொல்லாமல் வீட்டை விட்டுப் போய்விடுகிறாள். செல்வத்தைத் தேடிய வழியில் எதைத் தொலைத்தோம் என்று அறியவே பிறந்த ஊரை நோக்கிப் புறப்படுகிறாள்.

பிறகு இந்நாடகம் கடல் கடந்தது. 1984-இல் சிங்கப்பூரிலும் தாய்லாந்திலும் காட்டப்பட்டது. இதுவரை அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகள் கண்டிருக்கின்றன. ஒவ்வொரு நாட்டினரும் தத்தம் வீட்டுக் கவலையையே அதில் கண்டார்கள். வியட்நாமில் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கே 'ஓசின்' என்ற பெயர் வந்துவிட்டது. ஈரானில் பழந்துணிக் கடைக்குத் 'தானாகூரா' என்று பெயர். துணி வணிகம் செய்த ஓஷினுடைய கணவன் வீட்டுக் குடும்பப் பெயரே அது. ஈராக்குடன் நடந்த நீண்ட போரால் நலிந்திருந்த மக்களுக்கு, துணி விற்றுப் பிழைத்த ஓஷின் அவ்வளவு நெருக்கமாகிவிட்டாள்.

இக்கதையை எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவரிடம் சொன்னோம். தெப்பக் காட்சியைக் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜப்பான்காரன் வீட்டுப் பிள்ளைக்கும் இந்தப் பாடுதானா, வாத்தியாரே?" என்றார். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "எங்கப்பாவ ரயில் ரோடு போட சயாமுக்குக் கொண்டு போனானே ஜப்பான்காரன், அந்தக் கதைய எந்தப் படத்துல காட்டுவாங்க?" என்று கேட்டார். எங்களால் மறுமொழி சொல்ல முடியவில்லை.

1942, 43-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியப் படை அமைத்த சயாம்-பர்மா ரயில் பாதையின் நீளம் ஏறக்குறைய 415 கிலோமீட்டர். மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் அங்கே கொண்டு போகப்பட்டார்கள். காலராவாலும் பசியாலும் மாண்டவர் மிகப் பலர்.

ஓஷின் நாடகம் போரை மறைக்கவில்லை. அவளுடைய மூத்த மகன் போரில் மடிகிறான். படைக்குப் பொருள் வழங்கி வாழ்ந்த கணவன், 1945-இல் நாடு தோற்றபின் தன் உயிரை மாய்த்துக்கொள்கிறான். ஆயினும் நாடகம் சொல்வது ஜப்பானிய வீட்டின் துயரத்தையே. அந்தப் படை சென்ற நாடுகளில் இருந்த வீடுகள் அதில் இல்லை.

அதற்காக நாம் ஓஷினுக்கு அழ மறுக்க வேண்டியதில்லை. ஏழைக் குழந்தையின் கண்ணீருக்கு நாடு ஏது? ஆனால் அவளுக்காக அழுதுவிட்டு நம் பாட்டனாரை மறந்துவிடுவது முறையாகாது. நம் வீட்டுக் கதையை நாம்தான் சொல்ல வேண்டும்.

சிறுமி ஓஷினுக்கு எழுத்தறிவித்தவர் யார் தெரியுமா? போரை வெறுத்துப் படையிலிருந்து தப்பி வந்து மலையில் ஒளிந்திருந்த ஒரு வீரர். நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் எழுத்தைக் கற்றுக் கொடுத்திருக்கிறது. தாய்மார்களே, இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளையின் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, வீட்டுப் பெரியவர் அருகில் உட்கார வையுங்கள். அவர் சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதட்டும். ஊர், பெயர், ஆண்டு எதையும் விட்டுவிட வேண்டாம்.