மூன்றாம் மாதத்துக்குள் ரத்தத்தைப் பரிசோதியுங்கள்!

நடவு, களையெடுப்பு என்று வயலுக்குப் போய்வரும் பெண்களுக்கு உடல் அசதி புதிதல்ல. நாள் தள்ளிப்போன பிறகு வரும் அசதியையும், ‘மசக்கைதான்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அது மசக்கையாகவும் இருக்கலாம், ரத்தசோகையாகவும் இருக்கலாம். ரத்தப் பரிசோதனை செய்தால்தான் தெரியும்.

2019-21-ம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு பேரில் ஒருவர்.

ஏன் ஆரம்பத்திலேயே?

கர்ப்பிணியின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. 7 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

கர்ப்ப காலத்தில் தாயின் உடலில் ரத்தத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகப் பெருகும். குழந்தைக்கும் நஞ்சுக்கொடிக்கும் தனியாக இரும்புச்சத்து வேண்டும். இந்தத் தேவை பின் மாதங்களில்தான் உச்சத்துக்குப் போகும். அதற்கான இருப்பு முன்பே உடலில் இருக்க வேண்டும். அடியுரம் இல்லாத பயிரைக் கடைசி நேர மேலுரம் காப்பாற்றிவிடாது. இதுவும் அப்படித்தான். எட்டாம் மாதத்தில் கண்டுபிடித்தால், சரிசெய்ய நாள் போதாது.

கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை போன்ற ஆபத்துகள் கூடும். பிரசவத்தில் மற்ற பெண்கள் தாங்கிக்கொள்ளும் ரத்தப்போக்கே, ரத்தசோகை உள்ள தாயின் உயிருக்கு ஆபத்தாகிவிடலாம்.

மாத்திரை எப்போது, எப்படி?

முதல் மூன்று மாதங்களுக்குத் தினமும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தருவார்கள். குழந்தையின் மூளை, தண்டுவடத்துக்கான அடிப்படை, கரு உருவான முதல் 4 வாரங்களிலேயே அமைந்துவிடுகிறது. அதனால், குழந்தைக்குத் திட்டமிடும்போதே இதைத் தொடங்குவது நல்லது.

நான்காம் மாதத்திலிருந்து 180 நாள்களுக்குத் தினமும் ஓர் இரும்புச்சத்து மாத்திரை. பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள்கள். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால், கூடுதல் மாத்திரையா, ஊசியா என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

டீ, காபியோடு மாத்திரையைச் சாப்பிட்டால் சத்து உடலில் சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். கால்சியம் மாத்திரையை வேறு வேளையில் சாப்பிட வேண்டும். குமட்டல் வந்தால், இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

கொல்லையில் இருக்கும் சத்து

முருங்கைக்கீரை, கம்பு, எள், பயறு வகைகளில் இரும்புச்சத்து உண்டு. கூடவே நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை சேர்த்தால் அந்தச் சத்தை உடல் நன்றாக எடுத்துக்கொள்ளும். அசைவம் சாப்பிடுபவர்கள் சுவரொட்டியை நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம். ஆனால், ரத்தசோகை வந்த பிறகு சாப்பாடு மட்டும் போதாது, மாத்திரையும் வேண்டும்.

வெறுங்காலோடு வயலில், கொல்லையில் நடக்கும்போது கொக்கிப்புழு தோல் வழியாக உடலில் நுழைந்து, குடலில் தங்கி ரத்தத்தை உறிஞ்சும். முடிந்தவரை செருப்பு அணிய வேண்டும். பூச்சி மாத்திரையை முதல் மூன்று மாதங்கள் கழிந்த பிறகே, மருத்துவர் சொன்னபடி சாப்பிட வேண்டும்.

வழக்கமாக எழும் சந்தேகங்கள்

மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்குமா?

பிறக்காது. குழந்தையின் நிறம் பெற்றோர் வழி வருவது.

குழந்தை பெரிதாகி, பிரசவம் சிரமமாகுமா?

ஆகாது. சத்து சேர்ந்தால் பிரசவத்தைத் தாங்கும் தெம்பு தாய்க்குக் கிடைக்கும்.

மலம் கறுப்பாகப் போகிறதே?

இரும்புச்சத்து மாத்திரையால் அப்படிப் போவது இயல்பு. பயந்து நிறுத்த வேண்டாம்.

குடும்பம் செய்ய வேண்டியது

நாள் தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்யுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில், தகுதியுள்ளவர்களுக்கு 18,000 ரூபாய் மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் கிடைக்கும். அதற்கும் இந்தப் பதிவு அவசியம்.

எல்லோரும் சாப்பிட்ட பிறகு மிச்சத்தைச் சாப்பிடும் பழக்கம் கர்ப்பிணிக்கு ஆகாது. அவருக்கு முதலில் பரிமாறுங்கள். பரிசோதனைக்குக் கணவரும் கூடவே போய், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும்.

சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு படபடத்தாலோ, மயக்கம், ரத்தப்போக்கு இருந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள்.