மலையில் என்ஜினுக்கும் மூச்சு வாங்கும்!

ஜெனரேட்டர் வாங்குவோர் கவனிக்க வேண்டியவை

ஏற்காட்டை "ஏழைகளின் ஊட்டி" என்பார்கள். சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டினால், குளிர்ந்த காற்று முகத்தில் மோதும். கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில், சேர்வராயன் மலை மீது இருக்கிறது இந்த ஊர்.

மலையில் புயல் மழை அடித்தால் மரக்கிளை முறிந்து மின்கம்பி மேல் விழும். விளக்குகள் அணைந்துவிடும். வீட்டுக்கு ஒரு மெழுகுவத்தி போதும். மருத்துவமனைக்குப் போதுமா? பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதிக்குப் போதுமா? காப்பித் தோட்டத்துக்கும் கவலைதான். பறித்த பழத்தை அன்றே தோல் உரிக்க வேண்டும். போட்டு வைத்தால் புளித்து, காப்பியின் ருசி கெடும், விலையும் குறையும்.

அதனால்தான் ஜெனரேட்டர் தேவைப்படுகிறது. ஆனால், சமவெளிக் கணக்கு மலைக்கு உதவாது!

காற்று குறைவு

டீசல் எரியக் காற்று வேண்டும். மலை ஏறும் மனிதனுக்கு மூச்சு வாங்குகிறது அல்லவா? என்ஜினுக்கும் அப்படித்தான். ஏற்காட்டு உயரத்தில், கடற்கரையைவிடக் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. சாதாரண என்ஜினின் சக்தியும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கடற்கரையில் 20 கிலோவாட் தரும் என்ஜின், இங்கே 17 கிலோவாட்தான் தரும்.

"டர்போ" பொருத்திய என்ஜின் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். அதற்கு இழப்பு குறைவு. "இத்தனை மீட்டர் உயரத்தில் எத்தனை கிலோவாட் தரும்?" என்று கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

மோட்டாரின் பசி

முதலில், மின்சாரம் நின்றாலும் ஓடியே தீரவேண்டியவை எவை என்று ஒரு பட்டியல் போட வேண்டும். தண்ணீர் மோட்டார்களைத் தனியாகக் குறிக்க வேண்டும். நேரடியாகக் கிளம்பும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப்போல் ஆறு மடங்கு மின்சாரத்தைக் கிளம்பும் நொடியில் இழுக்கும். மோட்டார்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டால் சிறிய ஜெனரேட்டரே போதும்.

அதற்காக மிகப் பெரியதாகவும் வாங்கக்கூடாது. சுமை இல்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் என்ஜினில் எண்ணெய் சரியாக எரியாது, கரி படியும்.

டீசலா, எரிவாயுவா?

எரிவாயு என்ஜினில் புகை குறைவு. குழாய் வழியாக எரிவாயு வரும் நகரத்துக்கு அது ஏற்றது. சிலிண்டரை வண்டியில் ஏற்றிவரும் இடத்தில், மண் சரிந்து பாதை அடைபட்டால் என்ன ஆகும்? மேலும், சிலிண்டர் வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஒரு பொறி போதும், தீப்பிடித்துவிடும்!

டீசலைச் சேமிப்பது எளிது. ஒரு லிட்டர் டீசலுக்கு ஏறக்குறைய 3 யூனிட் மின்சாரம் கிடைக்கும். 15 கிலோவாட் சுமையோடு 8 மணி நேரம் ஓட்ட, 40 லிட்டர் வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே அதைச் சேர்த்து வைக்கலாம்.

மாதம் ஒரு முறையாவது சுமையோடு ஓட்டிப் பார்க்க வேண்டும். பேட்டரி செத்துக் கிடந்தால், ஆபத்து நேரத்தில் என்ஜின் கிளம்பாது!

உயிர் காக்கும் இரண்டு விதிகள்

ஒன்று: குளிருக்கும் மழைக்கும் பயந்து ஜெனரேட்டரை வீட்டுக்குள் வைக்கக்கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு இருக்கிறது. அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். வெளியே, ஜன்னல்களுக்குத் தொலைவில், தனிக் கொட்டகையில் வைக்க வேண்டும்.

இரண்டு: மாற்று சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டரை இணைக்கவே கூடாது. அது இல்லாவிட்டால், நமது மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிப் போகும். டிரான்ஸ்பார்மரில் புகுந்து 11,000 வோல்ட்டாக மாறும். "மின்சாரம் இல்லை" என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பார் ஒரு தொழிலாளி!

கொட்டும் மழையில் நமக்கு விளக்கேற்ற வந்தவர் அவர். அவர் வீட்டு விளக்கை நாம் அணைத்துவிடலாமா?