ரூஃபைத் திறந்தால் பாட்டு கேட்கலையா? ஆம்ப் வாங்கும் முன் இதைப் பாருங்க!

மாஸ்டா மியாட்டா போன்ற கன்வெர்ட்டிபிள் காரில் ரூஃபை மடக்கிவிட்டு ஹைவேயில் பறந்தால், பாட்டில் முதலில் காணாமல் போவது பேஸ்தான். காற்று இரைச்சலில் பெரும்பகுதி தாழ்ந்த சத்தம் என்பதால், அது பேஸை அப்படியே விழுங்கிவிடுகிறது.

உடனே பெரிய ஆம்ப் மாட்டத் தோன்றும். ஆனால் வாட்ஸை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கு' அவ்வளவுதான். பாதிப்பு அப்படி இல்லை. அமெரிக்காவின் நியோஷ் அமைப்பின் கணக்குப்படி, 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 91 டெசிபல் என்றால் 2 மணி நேரம்தான்!

இதையே திருப்பிப் போடுங்க. சைடு கண்ணாடியை ஏற்றி, சீட்டுக்குப் பின்னால் காற்றுத் தடுப்பு வைத்து இரைச்சலை 3 டெசிபல் குறைத்தால், ஆம்பை இரட்டிப்பாக்கிய அதே பலன். காதும் தப்பிக்கும்.

அதன் பிறகு ஸ்பீக்கருக்கு வரலாம். 2 ஓம் ஸ்பீக்கருக்காகச் செய்த கம்பெனி ஆம்பில், கடையில் கிடைக்கும் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் பவர் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். புதுசு மாட்டியும் சத்தம் குறைஞ்சிடுச்சேன்னு புலம்புவது பெரும்பாலும் இதனால்தான். ஓம் பார்த்து வாங்கணும்.

குரல் தெளிவா கேட்கணுமா? ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர் கைகொடுக்கும். 1989-ல் அறிமுகமான முதல் தலைமுறை மியாட்டாவிலேயே சில மாடல்களில் மாஸ்டா இதை வைத்திருந்தது. பேஸுக்கு மட்டும் கதவு ஸ்பீக்கரையோ தனி சப்வூஃபரையோதான் நம்பணும்.