துவிச்சக்கர வண்டியும் நெடுவழிப் பையும்

நெடும்பயணம் புறப்படுவோர் முதலில் வழியைப் பற்றி எண்ணுவர்; அடுத்து உணவைப் பற்றி எண்ணுவர்; பொருள்களை எதில் இட்டு எங்கே கட்டுவது என்பதைப் புறப்படும் காலையிலேதான் எண்ணுவர். கால்நடையாகச் செல்பவனுக்கு இதனாற் பெருங்கேடு விளைவதில்லை. ஒரு தோள் நொந்தால் மூட்டையை மறுதோளுக்கு மாற்றிக்கொள்ளலாம். துவிச்சக்கர வண்டியிற் செல்பவனுக்கு அவ்வசதி கிடையாது. இரண்டு சக்கரங்களின்மேல் சமநிலை பேணி ஓடும் ஊர்தியில், தவறான இடத்தில் ஏற்றிய சுமை ஒவ்வொரு மிதிப்பிலும் தன்னை நினைவூட்டிக்கொண்டே வரும்.

அண்மைக் காலத்திலே ‘பைக்பாக்கிங்’ என்னும் பயணமுறை உலகெங்கும் பரவி வருகின்றது. பெருந்தெருவை விட்டு விலகி, மண்பாதையிலும் கற்பாதையிலும் நாட்கணக்காகச் செல்வோர், பின்புறக் கரியரில் மூட்டை அடுக்கும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, வண்டியின் உடலோடு ஒட்டிய சிறு பைகளிலே தம் உடைமைகளை அடக்கிக்கொள்கின்றனர். அப்பைகளுள் தலையாயது, ஆசனத்துக்கும் ஹாண்டிலுக்கும் மிதிக்கும் இடையே அமைந்த முக்கோண வெளியில் பொருந்துவது. நம்மூர்த் திருத்தகங்களில் அவ்வுடற்பகுதியைப் ‘பிறேம்’ என்பர். மேற்குழாயைப் ‘பார்’ என்பர். ஆதலின் இதனைப் ‘பிறேம் பை’ என்றே வழங்குவோம். அதனைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதனை ஆராய்வதற்குத் தீவகத்தைக் காட்டிலும் ஏற்ற களம் வேறில்லை என்பது என் கருத்து. யாழ்ப்பாணக் கோட்டையருகே பண்ணையில் தொடங்கும் தாம்போதி, கடல்நீரேரியை ஊடறுத்து மண்டைதீவுச் சந்தியைக் கடந்து அல்லைப்பிட்டிக்கு வருகின்றது. அங்கிருந்து வேலணை, வேலணையிலிருந்து மீண்டும் கடலைக் கடந்து புங்குடுதீவு, அதன் எல்லையிலே குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகேற வேண்டும். மலையில்லை, மேடில்லை, எனவே இஃது எளிய பாதை என்று வரைபடத்தைப் பார்ப்பவர் எண்ணலாம். சோளகம் வீசும் மாதங்களில் ஒருமுறை பண்ணையைக் கடந்தவர் அவ்வாறு எண்ணார். இருபுறமும் மறைப்பின்றி நீர் பரந்து கிடக்க, தென்மேற்கிலிருந்து வரும் காற்று எதிரேயும் பக்கத்தேயும் மாறிமாறி மோதும். இங்கே மலையின் வேலையைக் காற்றே செய்கின்றது.

அக்காற்றிலேதான் பையின் இடம் என்ன என்பது விளங்கும். ஹாண்டிலில் தொங்கவிட்ட பாரம் முன்சக்கரத்தைத் தன் விருப்பப்படி திருப்பப் பார்க்கும். கரியரின்மேல் உயர்த்திக் கட்டிய மூட்டை வண்டியின் பின்பாகத்தை ஆட்டும். பின்சக்கரத்தின் இருமருங்கும் தொங்கும் அகன்ற பைகள் எதிர்காற்றைப் பாயைப்போல் ஏந்திக்கொள்ளும். பிறேம் பையோ ஓட்டுபவனின் இரு கால்களுக்கிடையே ஒடுங்கி நிற்பது. எதிர்காற்றுக்கு அதன் மெல்லிய விளிம்பு மாத்திரமே தெரியும். பாரமும் இரு சக்கரங்களுக்கு நடுவே, தாழ்ந்து அமைகின்றது.

பாரத்தைத் தாழ்த்தி நடுவில் வைக்கும் இந்த அறிவு புதியதன்று. 1970களில் அல்லைப்பிட்டியில் சீனாவின் சொங் அரச மரபுக் காலத்து மட்கலங்கள் வெளிப்பட்டன. ஜோன் கார்ஸ்வெல் என்னும் ஆய்வாளர் அவற்றை ஆராய்ந்தார். 11ஆம் 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை என மதிக்கப்படும் அக்கலங்கள் கடல்வழி வந்தவை. அக்கால வணிகக் கப்பல்களில் இத்தகைய கனத்த பொருளைக் கீழறையில் அடுக்குவது வழக்கம். சரக்கும் அதுவே, மரக்கலம் கவிழாது காக்கும் அடிப்பாரமும் அதுவே. காற்றோடு போராடும் எந்த ஊர்திக்கும் இவ்விதி ஒன்றுதான்.

பிறேம் பையும் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1884இல் தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெருஞ்சக்கர வண்டியிலேறி உலகைச் சுற்றப் புறப்பட்டபோது, அவ்வண்டியில் முக்கோணம் என ஒன்றே இல்லை. ஹாண்டிலில் கட்டிய சிறுபையிலே காலுறையும், மாற்றுச் சட்டையும், கூடாரமாகவும் பயன்பட்ட மழைக்கோட்டும், ஒரு கைத்துப்பாக்கியுமே அவர் கொண்டு சென்றவை. இரு சக்கரங்களும் ஒத்த அளவுடைய வண்டி வழக்கிற்கு வந்த பின்னரே நடுவிலுள்ள வெற்றிடம் மனிதனின் கண்ணிற்பட்டது. 1897இல் அமெரிக்க இராணுவத்தின் 25ஆவது காலாட்படையைச் சேர்ந்த கறுப்பினப் போர்வீரர் இருபதின்மர், மிசூலாவிலிருந்து செயின்ற் லூயிஸ் நகருக்கு 1,900 மைல் தூரத்தை 41 நாட்களில் ஓட்டிக் கடந்தனர். அவர்தம் வண்டிகளின் பிறேமிலே தடித்த தோற்பேழை பொருத்தப்பட்டிருந்தது. நூறாண்டின் பின்னர் அலாஸ்காவின் பனிப்பாதைகளில் ஓடியோர் துணியாலே அதனை மீட்டும் படைத்தனர்; இன்று விற்பனையாகும் பைகள் பல அவ்வழி வந்தவையே.

நிற்க. பை வாங்கப் புறப்படுபவர் முதலிற் பார்க்க வேண்டியது கடையை அன்று; தம் வண்டியை. நம் பக்கத்தில் இன்றும் ஓடும் பழைய ரலி வண்டிகளும், அவ்வமைப்பை ஒட்டிய லுமாலா வண்டிகளும் உயர்ந்த பிறேம் உடையவை. அவற்றின் முக்கோணம், மேனாட்டார் பெரும்பணம் கொடுத்து வாங்கும் மலைப்பாதை வண்டிகள் பலவற்றின் முக்கோணத்தைவிடப் பெரிது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கம்பிப் பிறேக் உடைய வண்டியில், பின்சக்கரத்துக்குச் செல்லும் கம்பி கீழ்க்குழாயை ஒட்டி ஓடுகின்றது. பையின் வாரை அக்குழாயோடு சேர்த்து இறுக்கினால் கம்பி அசையாது, பிறேக் பிடிக்காது. இத்தகைய வண்டிக்குரிய பையைப் பாரிலும் ஆசனக் குழாயிலும் கட்ட வேண்டும். கீழ்க்குழாயில் கட்டத்தான் வேண்டுமெனில் வார் கம்பிக்கு உட்புறமாகச் செல்ல வேண்டும். மேனாட்டுப் பைகளை வாங்குவோர் இதனை மறவாதிருத்தல் நன்று. அவை கம்பிப் பிறேக்கை எண்ணித் தைக்கப்பட்டவை அல்ல.

அடுத்தது அளவு. ஒரு தடித்த மட்டையை எடுத்து, முக்கோணத்தின் உட்புறத்தில் வைத்து வரைந்து வெட்டுக. குழாய்களை உராயாதவாறு ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு சென்ரிமீற்றர் குறைத்துக்கொள்க. காற்றடிக்கும் பம்ப், அதனைத் தாங்கும் முளை, நீர்ப்போத்தல் ஆகியவற்றிற்குரிய இடத்தையும் குறித்துக்கொள்க. நீளத்திலும் உயரத்திலும் பேராசை கொள்ளலாம், அகலத்தில் கொள்ளலாகாது. மிதியின் அச்சையொட்டிய கீழ்மூலையில் பை ஐந்தாறு சென்ரிமீற்றருக்கு மேற் பருத்தால் முழங்காலும் தொடையும் உராயத் தொடங்கும். வெறும் பை எதுவும் உராயாது. நிரப்பிய பையே உராயும். ஆதலின் பையை நிரப்பி, வண்டியிலேறி, சிறிது தூரம் மிதித்துப் பார்த்த பின்னரே அதனை ஏற்றுக்கொள்ளல் வேண்டும். உட்புறத்தில் ஒரு தடுப்புத் துணி தைத்து இரண்டு அறைகளாக்கினால் பை நடுவிற் புடைக்காது. கருவிகளும் துணிகளும் கலவா.

முக்கோணம் முழுவதையும் அடைக்கும் பையா, மேற்பாதியை மட்டும் நிரப்பும் அரைப்பையா என்னும் வினாவுக்கு இடத்தைப் பொறுத்தே விடை கூற வேண்டும். முழுப்பையிற் கொள்ளளவு மிகுதி. எனினும் அது பக்கக் காற்றுக்கு ஒரு சுவர். எதிர்காற்றில் நன்மை செய்தது பக்கக் காற்றில் வண்டியைத் தெருவின் ஓரத்துக்குத் தள்ளும். தாம்போதியின் ஓரத்துக்கு அப்பால் இருப்பது நீர். அன்றியும், குறிகட்டுவானில் வண்டியைத் தூக்கிப் படகில் ஏற்ற வேண்டும். அப்பொழுது கை பாரைப் பற்றுதற்கு இடம் வேண்டும். இக்காரணங்களால் தீவகப் பயணத்துக்கு அரைப்பையே தக்கது என்பேன். அதன் வார்களுக்கிடையே ஒரு கையளவு பார் வெறுமையாக இருக்கட்டும். கீழேயுள்ள வெளியில் நீர்ப்போத்தல்களை வைக்கலாம்.

நீரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தீவகத்தில் நன்னீர் அரிது. நெடுந்தீவின் கிணறுகள் பல உவர்நீரே தருவன. பயணி தனக்கு வேண்டிய நீரைத் தானே கொண்டு செல்வது அறிவு மட்டுமன்று, அவ்வூராருக்குச் செய்யும் மரியாதையுமாகும். ஒரு லீற்றர் நீர் ஒரு கிலோகிராம். நான்கு லீற்றரைக் கரியரின்மேற் கட்டினால் நெடுந்தீவின் கற்பாதையில் அது படுத்தும் பாட்டைச் சொல்லி முடியாது. அதே நீர் பிறேமின் அடிமூலையில் இருந்தால் வண்டி அமைதியாகச் செல்லும். நீர், கருவிகள், ரியூப் ஆகிய கனத்தவை நடுவில். போர்வை, உடை முதலிய இலேசானவை பின்னே. இதுவே ஒழுங்கு.

துணியின் தரம் மழையை மட்டுமன்றி உப்பையும் எண்ணித் தேரப்பட வேண்டும். உலோகப் பற்களையுடைய சிப் உவர்க்காற்றிலே விரைவிற் களிம்பேறி இறுகிவிடும். பெரும் பற்களையுடைய பிளாஸ்ரிக் சிப் நெடுநாள் உழைக்கும். அதன்மேல் சிறிது மெழுகுதிரியைத் தேய்த்துவிடுவது நல்லது. வாருக்கும் குழாய்க்கும் இடையே மணல் புகுந்தால் அது அரத்தைப்போல் வண்டிப் பூச்சைத் தேய்க்கும். பூச்சுப் போன இடத்தில் உப்பு தன் வேலையைத் தொடங்கும். பழைய ரியூப்பை வெட்டி வாரின் அடியிற் சுற்றினால் இத்தீங்கு நீங்கும். வீடு திரும்பியதும் பையைக் கழற்றி நன்னீரில் அலசுக.

இங்ஙனம் பார்க்குமிடத்து, விலையுயர்ந்த பிறநாட்டுப் பை இன்றியமையாததன்று என்பது புலனாகும். உறுதியான படங்குத் துணியும், தறப்பாளும், வாரும், மட்டையில் வெட்டிய அளவும் இருந்தால் நம்மூர்த் தையற்காரர் ஒருவர் தைத்துவிடக்கூடிய பொருள் இது. பனையோலையால் உமலும் கடகமும் இழைத்து, ஏற்றும் பொருளுக்கேற்ப வடிவம் கொடுத்த மண்ணில் இந்தத் திறமைக்குப் பஞ்சமில்லை.

ஆயினும் ஒரு குறையை மறைத்தல் தகாது. பிறேம் பையைப் பற்றிய பேச்சு முழுவதும் பார் உள்ள வண்டியைப் பற்றியதாகவே இருக்கின்றது. யாழ்ப்பாணத்திலே பாடசாலைக்கும் வேலைக்கும் நாள்தோறும் சைக்கிளிற் செல்லும் பெண்கள் எண்ணிறந்தோர். அவர்களிற் பலர் ஓட்டும் வண்டியில் பார் இல்லை, முக்கோணமும் இல்லை. அவர்களுக்கு முன்கூடையும் கரியருமே கதி என்று விடுவது முறையன்று. தாழ்ந்து வளைந்த குழாயின்மேல், ஆசனத்துக்கு முன்னே அமரும் ஒடுங்கிய பையைத் தைக்கலாம். கரியரின் இருபுறமும் தாழ்த்திக் கட்டும் சிறு பைகளில் பாரத்தைச் சமமாகப் பகிரலாம். வண்டிக்கேற்ற பை என்னும் விதியை உண்மையாகக் கொள்வோமாயின், எல்லா வண்டிக்கும் அது பொருந்த வேண்டும்.

இறுதியாக ஒன்று. துவிச்சக்கர வண்டி எவ்வளவு சுமக்கும் என்பதை நம் மக்கள் நூல்களிற் கற்கவில்லை. 1990இல் இராணுவ நடவடிக்கையை அடுத்துத் தீவகத்தார் பெருந்தொகையாக ஊர்விட்டு அகன்றனர். அக்காலத்தில் எரிபொருளுக்கு விதிக்கப்பட்ட தடையால், குடாநாட்டின் விறகும் நெல்லும் நோயாளரும் சைக்கிளிலேயே சென்றனர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பாரிலும் கரியரிலும் ஹாண்டிலிலும் கட்டக்கூடியதெல்லாம் கட்டி, ஓட்ட இயலாது தள்ளிச் சென்றனர். 1954இல் தியென் பியென் பூ போரில் வியட்நாமியர் ஏறத்தாழ 200 கிலோகிராம் பாரத்தை ஒரு வண்டியில் ஏற்றியதும் தள்ளிச் செல்வதற்கே. தள்ளும் வண்டிக்கு எல்லை மனித வலிமை. ஓட்டும் வண்டிக்கு எல்லை சமநிலை.

எதனை விட்டுச் செல்வது என்று தெரிவு செய்ய அவகாசமற்றுப் புறப்பட்ட தலைமுறையின் பிள்ளைகள் இன்று விரும்பிய இடத்துக்கு விரும்பிய நாளிற் பயணம் செய்கின்றனர். எதைக் கொண்டு செல்வது, எதை வீட்டில் விடுவது என்று அமைதியாக இருந்து எண்ணிப் பார்க்கும் உரிமை அவர்களுக்கு வாய்த்திருக்கின்றது. அவ்வுரிமையின் அளவுகோலாகவே அச்சிறு முக்கோணத்தை நான் காண்கின்றேன். மயிற்பீலியே ஆயினும் மிகுத்தேற்றினால் வண்டி தாங்காது என்ற வள்ளுவர் கருத்தை மாணவர் அறிவர். பையிற் கொள்ளாததைக் கட்டுவதற்கு இன்னொரு கயிறு தேடாது, அதனை வீட்டிலே வைத்துவிட்டுப் புறப்படுக. விடியுமுன் பண்ணையைக் கடந்துவிட்டால் காற்றும் சிறிது இரங்கும்.