வலைக்குள் மதுரை – 17: கெட்ட லிங்க்கும் தொலைந்த லிங்க்கும்

சித்திரைத் திருவிழாக் கூட்டம் ஓய்ந்த மறுவாரம், தெற்கு மாசி வீதியிலிருந்து போன். "தம்பி, நம்ம கடையக் கூகுள்ல காணோம். எவனோ கெட்ட லிங்க்கா போட்டு நம்மள அமுக்குறானாம். ரிப்போர்ட் அனுப்பிருக்காங்க, பாருங்க."

மூன்று தலைமுறையாகச் சுங்குடி விற்கும் குடும்பம். அண்ணன் அனுப்பிய ரிப்போர்ட்டைத் திறந்தேன். பக்கம் முழுக்கச் சிவப்பு. வரிக்கு வரி 'விஷ லிங்க்' என்று முத்திரை. கடைசிப் பக்கத்தில், எல்லாவற்றையும் சுத்தம் செய்து தர ஆகும் தொகை. எனக்குக் கோபம் வந்தது. பயத்தைக் கிளப்பிவிட்டு அதற்கே மருந்து விற்கும் வேலை இது. நம் ஊரில் சின்னக் கடைக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

லிங்க்குக்கு ஏன் இத்தனை மதிப்பு? மாப்பிள்ளை வீட்டைப் பற்றித் தெருவில் விசாரிக்கிறோம் இல்லையா? பத்துப் பேர் சொல்வதைவிட, ஊர் மதிக்கும் வாத்தியார் ஒருவர் சொன்னால் அதற்கு எடை அதிகம். லாரி பேஜும் செர்கே பிரினும் 1998-ல் ஸ்டான்ஃபோர்டிலிருந்து வெளியிட்ட கணக்கும் இதுதான்: ஒரு பக்கத்தை யார் யார் சுட்டுகிறார்கள், சுட்டுகிறவர்களின் மதிப்பு என்ன? சொல்லுக்கு எடை வந்ததும் அது விலைக்கும் வந்துவிட்டது. ஆயிரம் லிங்க் இவ்வளவு ரூபாய் என்று பாக்கெட் போட்டு விற்றார்கள்.

2012 ஏப்ரல் 24 அன்று கூகுள் 'பெங்குவின்' என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. விலைக்கு வாங்கிய லிங்க்கால் மேலே வந்த தளங்கள் சரிந்தன. அடுத்த பிப்ரவரியில் பிரிட்டனின் பெரிய பூ வியாபார நிறுவனமான இன்டர்ஃப்ளோரா, அந்நாட்டு அன்னையர் தினத்துக்குச் சில வாரமே இருந்தபோது, தேடலில் காணாமல் போனது. அதன் பெயரைத் தட்டினால்கூட அதன் தளம் வரவில்லை. உள்ளூர்ப் பத்திரிகைத் தளங்கள் பலவற்றில் அதற்கு விளம்பரக் கட்டுரைகள் இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் லிங்க். கூகுள் யார் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அதே நாட்களில், காசுக்கு லிங்க் விற்பது விதிமீறல் என்று அதன் அதிகாரி மாட் கட்ஸ் எழுதி நினைவூட்டினார். மல்லிகைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு அந்தச் செய்தியைப் படித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. பூக்கடைக்குப் பண்டிகை நேரத்தில் ஒரு நாள் போவதே எவ்வளவு பெரிய அடி!

இன்று நிலைமை வேறு. 2016 செப்டம்பரில் வந்த பெங்குவினின் நான்காம் பதிப்பு, குப்பை லிங்க்குக்காகத் தளத்தைக் கீழே தள்ளுவதற்குப் பதிலாக அந்த லிங்க்கையே கணக்கில் எடுக்காமல் விடுகிறது. நம் கடை நோட்டீஸை எவனோ குப்பைமேட்டில் ஒட்டிவிட்டுப் போனால் அதற்குக் கடைக்காரர் என்ன செய்வார்? கூகுளும் இப்போது ஏறக்குறைய அப்படித்தான் பார்க்கிறது.

மறுநாள் கடைக்குப் போய், கல்லாவுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் முதலில் பார்க்க வேண்டியது 'மேனுவல் ஆக்‌ஷன்ஸ்' பக்கம். கூகுளின் ஆட்கள் நேரடியாகத் தண்டித்திருந்தால் அங்கே எழுதியிருக்கும். அங்கே ஒன்றும் இல்லை. அண்ணன் முகத்தில் பாதி உயிர் வந்தது.

அடுத்து லிங்க் பட்டியல். சூதாட்டத் தளங்கள், புரியாத எழுத்தில் பக்கங்கள், படத்தைத் திருடிப் போட்டவை. இவற்றை விட்டுவிடலாம். ஆனால் நடுவே ஒரு கூட்டம் கண்ணில் பட்டது. ஊர் பேர் தெரியாத டைரக்டரிகள் பலவற்றில், ஒரு எழுத்து மாறாமல் 'மதுரை சுங்குடி சேலை ஆன்லைன்' என்றே லிங்க். தானாகப் பேசுகிற மனுஷர் எல்லாரும் ஒரே வாக்கியத்தையா சொல்வார்கள்?

"அண்ணே, இதுக்குக் காசு குடுத்தீங்களா?"

கொஞ்ச நேரம் சேலையை மடித்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷம் முன்ன ஒருத்தர் பேக்கேஜுன்னாரு தம்பி."

நாமே காசு கொடுத்து வாங்கியதைத்தான் நாம் கழற்ற வேண்டும். முதலில் அந்தத் தளங்களுக்கு எழுதி எடுக்கச் சொன்னோம். பதில் வராதவற்றுக்கு மட்டும், 'இந்த லிங்க்கைக் கணக்கில் எடுக்காதே' என்று கூகுளிடம் சொல்லும் 'டிஸ்அவோ'. 2012 அக்டோபரில் கூகுள் தந்த வசதி அது. சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. வரிக்கு ஒரு தளம், முன்னால் 'டொமைன்' என்ற சொல்லும் ஒரு முக்காற்புள்ளியும். புதிதாக ஏற்றினால் பழைய பட்டியல் போய்விடும், அதனால் எப்போதும் முழுப் பட்டியலையே ஏற்ற வேண்டும். பலன் தெரியச் சில வாரமாகும். நல்ல தளம் தவறி உள்ளே விழுந்தால் நஷ்டம் நமக்குத்தான். பெரும்பாலான தளங்களுக்கு இது தேவையே இல்லை என்று கூகுளே சொல்கிறது. அந்த ரிப்போர்ட்டை அப்படியே ஏற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பதறுகிறது. அந்தச் சிவப்புப் பட்டியலில் ஒரு கல்லூரி ஜவுளித் துறையின் பக்கமும் இருந்தது.

அந்தப் பக்கம்தான் உண்மையான காரணத்தையும் காட்டிக்கொடுத்தது. முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் முறையை விளக்கி, நம் கடைப் படத்துக்கு லிங்க் கொடுத்திருந்தார்கள். அழுத்தினேன். 404: பக்கம் இல்லை. தை மாதம் தளத்தைப் புதுப்பித்தபோது முகவரிகளை எல்லாம் மாற்றியிருக்கிறார்கள். பழைய முகவரிக்கு வந்தவர்களைப் புதிய இடத்துக்கு அனுப்ப யாரும் ஏற்பாடு செய்யவில்லை. பத்திரிகைக் கட்டுரை, கல்யாணச் சேலை பற்றி எழுதிய பெண்களின் பக்கங்கள் என்று பல வருஷமாகச் சேர்ந்த நல்ல வார்த்தை அத்தனையும் பூட்டிய கதவில் வந்து முட்டிக்கொண்டிருந்தது. கெட்ட லிங்க்கைத் தேடிய அவசரத்தில் இதை யாரும் கவனிக்கவில்லை.

ஒவ்வொரு பழைய முகவரிக்கும், வருகிறவரைப் புதிய இடத்துக்குத் திருப்பிவிடும் 301 போட்டு முடிக்க இரண்டு நாள் ஆனது. கடைசியாகக் கல்லூரிப் பக்கத்தைத் திறந்து அண்ணன் கையில் கொடுத்தேன். அவரே அழுத்தினார். அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிச் சேலை வந்து நின்றது. படத்தைப் பெரிதாக்கி முடிச்சைப் பார்த்தார்.

"இது எங்கப்பா எடுத்து வச்ச சேலை தம்பி" என்றார்.