பத்திரிகை படிப்பவருக்கு எதற்கு வெள்ளைக்கோல்?

பேருந்தில் ஏறும் ஒருவர் வெள்ளைக்கோலை மடித்து மடியில் வைத்துவிட்டு, பையிலிருந்து வார இதழை எடுத்துப் படிக்கத் தொடங்குகிறார். பக்கத்து இருக்கைக்காரருக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. இவருக்குத்தான் கண் தெரிகிறதே, இந்த வேடம் எதற்கு? இலவசப் பயணத்துக்கா?

வேடம் இல்லை. பரம்பரையாக வரும் விழித்திரை நோய்களில் பரவலாக அறியப்பட்ட ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, கண்ணை இப்படித்தான் பாதிக்கிறது. சுருக்கமாக 'ஆர்.பி.' என்பார்கள். உலக அளவில் சுமார் 4,000 பேரில் ஒருவருக்கு இது இருப்பதாகக் கணக்கு. நடுப்பார்வை பெரும்பாலும் நெடுநாள் நன்றாக இருக்கும், சுற்றுப்பார்வை முதலில் போய்விடும். எழுத்துகளை வாசிக்க முடிந்தவருக்குக் காலடியில் கிடக்கும் வாளி தெரியாது.

மாலைக்கண் என்று விட்டுவிடும் வீடுகள்

நம் விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் இருக்கின்றன. மங்கிய வெளிச்சத்திலும் ஓரங்களிலும் பார்க்க உதவுபவை குச்சி செல்கள். நிறமும் நுணுக்கமும் கூம்பு செல்களின் வேலை. ஆர்.பி.யில் பெரும்பாலும் முதலில் அழிவது குச்சி செல்கள். அதனால்தான் முதல் அறிகுறி இருட்டில் தெரிகிறது. திரையரங்குக்குள் நுழைந்த பிள்ளை இருக்கையைத் தேடித் தடுமாறுகிறது, மின்சாரம் போனால் நகராமல் நின்றுவிடுகிறது.

வீட்டில் இதற்கு மாலைக்கண் என்று பெயர் வைத்து, கேரட்டையும் முருங்கைக்கீரையையும் கூடுதலாகக் கொடுப்பார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது சரி. மரபணுக் கோளாறுக்குக் கீரை மருந்தாகாது. தாங்களாகவே வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி விழுங்குவதோ ஆபத்து. அளவு மீறினால் கல்லீரலும், கர்ப்பிணியானால் வயிற்றுக் குழந்தையும் பாதிக்கப்படலாம். நடுப்பார்வையைத் தாக்கும் ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோயில், கூடுதல் வைட்டமின் ஏ கேடு செய்யக்கூடும் என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள்.

பகலிலும் 'பராக்குப் பார்த்து நடக்கிறான்' என்று திட்டு வாங்கும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் ஓரப்பார்வைதான் குறைந்துகொண்டிருக்கும்.

யார் மீது பழி?

ஆர்.பி. உள்ளிட்ட பரம்பரை விழித்திரை நோய்களோடு தொடர்புடைய மரபணுக்கள் 250-க்கும் மேல் கண்டறியப்பட்டுள்ளன. ஒரே பெயர் கொண்ட நோய் ஒரு குடும்பத்தில் தலைமுறை தவறாமல் வரும். இன்னொரு குடும்பத்தில் ஆண் பிள்ளைகளுக்கே வரும். வேறொரு வீட்டில் எவருக்கும் இல்லாமல் திடீரென்று ஒரு குழந்தைக்கு வரும்.

கடைசி வகையில் பல நேரங்களில் பெற்றோர் இருவருமே பழுதான மரபணுவின் ஒரு பிரதியைச் சுமப்பவர்கள். இருவருக்கும் பார்வையில் குறை இருக்காது. ஆனால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று சொந்தத்துக்குள் மணம் முடிக்கும்போது, இருவரிடமும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதத் திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. ஆகவே இது நமக்கு ஏட்டுச் செய்தி அல்ல.

இதைச் சொன்னதும் வீட்டில் பழி சுமத்தும் படலம் தொடங்கும், பெரும்பாலும் மருமகள் மீதுதான். அது அநியாயம், அறிவியலுக்கும் பொருந்தாது. மரபணு ஆலோசனை என்பது பழியைத் தீர்மானிக்கும் பஞ்சாயத்து அல்ல. எந்த மரபணு, அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு, பரிசோதித்துக்கொள்ள வேண்டியவர் யார் என்பதைக் குடும்பத்தார் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடம்.

'ஒன்றும் செய்ய முடியாது' என்பது பாதி உண்மை

அழிந்த செல்களைப் பழையபடி உயிர்ப்பிக்கும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வரியோடு நோயாளியை வீட்டுக்கு அனுப்பும் மருத்துவம் அரைகுறை மருத்துவம். ஆர்.பி. உள்ளவர்களுக்கு இளவயதிலேயே கண்புரை வரலாம். விழித்திரையின் நடுவில் நீர் கோத்து வீங்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. 'எப்படியும் போகப்போகிற கண்தானே' என்று பரிசோதனையை நிறுத்திவிடுபவர்கள், காப்பாற்றியிருக்கக்கூடிய பார்வையையும் இழக்கிறார்கள். காதையும் சோதித்துக்கொள்ள வேண்டும். ஆர்.பி.யோடு செவிக்குறையும் சேர்ந்து வருவதற்கு அஷர் நோய்க்குறி என்று பெயர்.

இல்லாத முகங்களும் கோலம் போன்ற வடிவங்களும் கண்முன் தோன்றுவதாகச் சிலர் சொல்வதுண்டு. பைத்தியம் என்று பெயர் வந்துவிடுமோ என்று பயந்து பலர் வெளியே சொல்வதில்லை. பார்வை இழந்தவர்களின் மூளை தானே படங்களை உண்டாக்கிக்கொள்ளும் இந்த நிலைக்கு சார்ல்ஸ் போனே நோய்க்குறி என்று பெயர். இது மனநோய் அல்ல என்று மருத்துவர் சொன்னாலே பாதிப் பயம் தெளிந்துவிடும்.

நம்பிக்கைக்கு என்ன விலை?

அமெரிக்கத் தொழிலதிபர் கோர்டன் கண்ட், 1970-இல் 30 வயதை ஒட்டி, ஆர்.பி.யால் பார்வையை முற்றாக இழந்தார். மறு ஆண்டே வேறு சிலரோடு சேர்ந்து பார்வையிழப்பு ஆராய்ச்சிக்கென ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். அப்படிப்பட்ட நீண்ட உழைப்புகளின் பயனாக 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சைக்கு அமெரிக்கா ஒப்புதல் தந்தது. பார்வையைக் கொஞ்சம் மீட்டுத் தந்த சாதனை அது.

ஆனால் அது ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் பழுதுக்குத்தான். விழித்திரையில் போதிய செல்கள் உயிரோடு இருக்கவும் வேண்டும். அறிமுகமானபோது இரு கண்களுக்கும் சேர்த்து விலை 8,50,000 டாலர். ஆகவே 'எல்லா ஆர்.பி.க்கும் ஊசி வந்துவிட்டது' என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம். தன் மரபணு எது என்று தெரிந்து வைத்திருப்பவரால்தான் நாளை வரும் சிகிச்சை தனக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும்.

சட்டம் தரும் பிடிமானம்

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன்படி, பார்வைப்புலம், அதாவது ஒரே நோக்கில் கண்ணுக்குத் தெரியும் பரப்பு, 10 பாகைக்கும் கீழே சுருங்கிவிட்டால் அது பார்வையின்மைதான், கண் மருத்துவரின் எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை வாசித்தாலும் சரி. முதல் பத்தியில் பார்த்த பேருந்துப் பயணிக்கான பதில் இந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சான்றிதழுக்குப் போகும்போது பார்வைப்புலச் சோதனை அறிக்கையையும் கேட்டு வாங்கிச் செல்ல வேண்டும். எழுத்துப் பலகையை மட்டும் வைத்து மதிப்பிட்டால் சான்றிதழ் கைநழுவும்.

பணியில் இருக்கும்போது பார்வை குறைந்தால் அரசு நிறுவனம் ஊழியரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது இதே சட்டத்தின் 20-ஆம் பிரிவு. பழைய வேலை ஒத்துவராவிட்டால், அதே ஊதியத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும். விவரம் தெரியாமல், விருப்ப ஓய்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருந்திப் பயனில்லை.

கோல் எடுக்கும் காலம்

உதவி எப்போது தொடங்க வேண்டும்? பார்வை மிச்சம் இருக்கும்போதே. வெள்ளைக்கோலில் நடக்கவும், அலைபேசியில் டாக்பேக் போன்ற திரைவாசிப்பானைக் கையாளவும், கணினியில் இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பானைப் பழகவும் அதுவே தோதான காலம். குடும்பத்தார் இதைத் தோல்வியாக நினைத்துத் தள்ளிப்போடுகிறார்கள். இருசக்கர வாகனச் சாவியைத் திருப்பிக் கொடுப்பது எல்லாவற்றையும்விடக் கடினம். பக்கத்தில் வரும் வண்டியோ குறுக்கே ஓடும் குழந்தையோ தெரியாது என்பதால், அதில் தயவு காட்ட முடியாது.

வீட்டில் செய்ய வேண்டியவை சிறியவை. கதவைப் பாதி திறந்து வைக்காதீர்கள். சொல்லாமல் நாற்காலியை இடம் மாற்றாதீர்கள். படிகளின் ஓரத்தில் மஞ்சள் பட்டை ஒட்டுங்கள். வெள்ளைத் தட்டில் இட்லி வைத்தால் கண்ணுக்குப் பிடிபடாது, அடர்நிறத் தட்டு நல்லது. வெளியே போகும்போது அவர் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ள விடுங்கள்.

உங்கள் வீட்டில் இருட்டில் தடுமாறும் ஒருவர் இருந்தால், அடுத்த கண் பரிசோதனையில் பார்வைப்புலச் சோதனையையும் மரபணு ஆலோசனையையும் பற்றிக் கேளுங்கள். அவருடைய உடன்பிறந்தவர்களையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள்.